காலி அட்டை

நர்ஸ் பிலோமினா காலி அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பதினான்கு குழியிலும் ஒன்றுமில்லை. மலேரியா மாத்திரையை ஒருநாள் விடாமல் தின்று முடித்தவள் அந்த மீனவர் குப்பத்திலேயே ரோசரி ஒருத்திதான். "இவளப் பாத்துக் கத்துக்கங்கடி" என்று குழாயடிப் பெண்களிடம் அட்டையை ஆட்டிக் காட்டினாள். ரோசரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நல்ல உடம்புக்கு மருந்து எதற்கென்று மீதிப் பதினொன்றையும் பிதுக்கி எடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைத்தாள். போன வருஷம் அவள் புருஷன் நடுக்கடலில் மாத்திரையில்லாமல் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தான். அடுத்த முறை படகேறும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

மறுமாதம் அவளுக்கே குளிர் திரும்பியது. டப்பாவைத் திறக்கப்போன நேரத்தில் நர்ஸ் வந்துவிட, அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். விரலில் குத்தி ரத்தம் சோதித்த நர்ஸின் முகம் செத்துப்போனது.

"பதினாலும் போட்டவளுக்கே திரும்பிருச்சே!"

வாசலில் பக்கத்து வீட்டு அமலி அட்டையும் கையுமாக நின்றாள். அவள் மகளுக்கு அன்று ஐந்தாம் நாள் மாத்திரை. "ரோசரிக்கே கேக்காத மருந்து எம்புள்ளைக்கா கேக்கப்போவுது?" என்று மீதி மாத்திரையை அட்டையோடு சாக்கடையில் வீசினாள் அமலி.

ரோசரிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. போர்வைக்குள் பதினொரு மாத்திரையும் கடகடவென்று குலுங்கின.

"என்னடி சத்தம்?" என்றாள் நர்ஸ்.

"பல்லு, சிஸ்டர்" என்றாள் ரோசரி.