ஐந்து உடைந்த கைப்பிடிகள்

"தம்பி, இருக்கிறதிலேயே உறுதியான கைப்பிடியா எடுங்க. யானை பிடிச்சுத் தொங்கினாலும் கழண்டு வரக்கூடாது."

மாமியார் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஐந்து உடைந்த ஜன்னல் கைப்பிடிகள் கடைக்காரரின் மேஜைமேல் கடகடவென்று விழுந்தன.

"வீட்ல யானை வளர்க்கறீங்களாம்மா?"

"மருமக இருக்கா. இதோ, பின்னாடி நிக்கறாளே. ஆளைப் பார்த்தா ஊதினா பறந்துடுவா போல இருக்கும். கை மட்டும் இரும்பு. வந்து எட்டு மாசத்துல அஞ்சு கைப்பிடி காலி."

கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் கூச்சத்தோடு சிரித்து வைத்தாள்.

மாமியாருக்கு இன்று தலைகால் புரியாத சந்தோஷம். பின்னே இருக்காதா? கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு பொருளை அவள் தேர்ந்தெடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. தரைக்கு என்ன டைல்ஸ், சுவருக்கு என்ன நிறம், ஏன், அவள் சமைக்கிற அடுப்புகூட அவள் வீட்டுக்காரர் பார்த்து வாங்கியதுதான். "உனக்கு வாங்கத் தெரியாது." இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் பழகிவிட்டது.

போன வருஷம் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களுக்குப் புதுக் கைப்பிடி தேவைப்பட்டபோது, அவர் கால் சுளுக்கிப் படுத்திருந்தார். அவளே போய் ஏழு வாங்கி வந்தாள். அன்றைக்கு முழுக்க ஏழு ஜன்னலையும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மருமகள் வந்த சில நாளிலேயே அவை ஒவ்வொன்றாக உடைய ஆரம்பித்தன. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் மாமா, வேகமா இழுத்துட்டேன்."

ஐந்து தடவையும் அவளே ஒப்புக்கொண்டாள். அவர் வேறு வழியில்லாமல் மனைவியைப் பார்த்து, "சரி, நீயே போய் மறுபடி வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை அசத்திவிட வேண்டும் என்றுதான் மாமியார் வந்திருந்தாள்.

"வெள்ளை வேண்டாம், ஒரே வாரத்துல அழுக்காயிடும். கறுப்பு, ம்ஹூம், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. இது என்ன தம்பி, பித்தளையா?"

"பித்தளை நிறம்மா. மேல பூச்சு."

"ஏய், இங்க வாடி. காலைல வெயில் பட்டா இது எப்படி இருக்கும்?"

"தகதகன்னு இருக்கும் அத்தை."

"பிடிச்சுப் பாரு. மெதுவா. மெதுவாடி, கடைக்காரர் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஏழையும் இதுலயே குடுங்க தம்பி. அஞ்சை மட்டும் மாத்தினா மீதி ரெண்டும் அநாதையா நிக்கும்."

கடைக்காரர் பழைய கைப்பிடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் யாரும்மா வாங்கினது?"

"ஏன் கேக்கறீங்க?"

"பின்னால நீட்டிக்கிட்டு இருக்கே இந்தச் சதுரக் கம்பி, இதுதான் ஜன்னல் சட்டத்துக்குள்ள போய்ப் பூட்டைத் திருப்பும். பாருங்க, நுனி மட்டும் தேய்ஞ்சு உருண்டையாயிருக்கு. அப்படின்னா நுனி மட்டும்தான் உள்ள எட்டியிருக்கு. கம்பி குட்டை. திருப்பினா வழுக்கும். வழுக்குதேன்னு அழுத்துவோம், கழுத்து ஒடிஞ்சிடும். பச்சைக் குழந்தை திருப்பினாலும் இந்தக் கதிதான். உங்க மருமக கைமேல தப்பில்லம்மா, வாங்கினவங்க அளவு பார்க்காம வாங்கிட்டாங்க."

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மருமகள் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "அப்படியெல்லாம் இல்லைங்க. நான் எதைத் தொட்டாலும் கொஞ்சம் வேகம்தான்."

"வேகமோ நிதானமோ, கம்பி அளவு தெரியாம நான் குடுக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் அளந்துட்டு வாங்க."

வெறுங்கையோடு திரும்பிப் போவதா? வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார். கேட்டால் கதை முடிந்தது. மாமியார் அந்தப் பித்தளை நிறக் கைப்பிடியைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் நின்றாள்.

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தன் பர்ஸுக்குள் விரலை விட்டு, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"கம்பி முப்பது மில்லிமீட்டர். ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல நாப்பத்தி மூணு. ஏழு ஜன்னலும் ஒரே அளவுதான்."

மாமியார் அதைப் பாதி வழியிலேயே வாங்கிப் பார்த்தாள். மை மங்கியிருந்தது.

"இது எப்ப எடுத்த அளவு?"

"முதல் கைப்பிடி உடைஞ்ச அன்னிக்கு, அத்தை."

"எட்டு மாசமா தெரிஞ்சே பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டியா? நானும் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஏண்டி?"

மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அளவு தப்புன்னு தெரிஞ்சா, மாமா இனிமே உங்களை எதையும் வாங்க விட்டிருக்க மாட்டாரே."

மாமியார் காகிதத்தைக் கடைக்காரர் கையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. அவர்தான்.

"என்ன, உன் மருமகளோட முரட்டுக் கைக்குத் தாங்கற மாதிரி ஏதாவது கிடைச்சுதா?"

மருமகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவ கையில ஒரு குத்தமும் இல்லைங்க. அளவு பார்க்காம வாங்கினது நான்தான்."

"நினைச்சேன். ஒண்ணையும் வாங்காத, நானே வரேன்."

"நீங்க வர வேண்டாம். அளவை என் மருமக எடுத்துட்டா, நிறத்தை நான் எடுத்துட்டேன்."