கடைசிப் பெயர்

"வலி போனா கிருமி போச்சுன்னு அர்த்தமா அக்கா? பால்பல்லுக்க வேருக்குள்ள ஒரு தடவைதான் கழுவி மருந்து வச்சிருக்கு. இன்னொரு தடவை கழுவித்தான் நிரந்தரமா அடைக்கணும்."

பல் டாக்டர் ஓமனாவின் உதவியாளர் ரெனிஷா கிளினிக் போனில் பொரிந்து தள்ளினாள்.

"விழப்போற பல்லுக்கு இவ்வளவு பாடா?" என்றது புதுக்கடை ஊரிலிருந்து பேசிய ஒரு அம்மாவின் குரல்.

"விழ இன்னும் நாலு வருசம் கெடக்கு. அதுக்குள்ள சீழ் வச்சு, கீழ வளருத புதுப் பல்லைக் கெடுத்திராதா? பெத்தவங்க இப்படி இருந்தா பிள்ளை என்ன செய்யும்?"

மறுமுனை அடங்கி, நாளை மறுநாள் வருவதாக ஒப்புக்கொண்டது. இரண்டாம் முறைக்கு வராதவர்களின் பட்டியலில் அந்தப் பெயரையும் அடித்துவிட்டு ரெனிஷா நோட்டை மூடினாள்.

"கடைசிப் பேரு ஒண்ணு நிக்குல்லா? ஆன்ஸ்லின். மூணு வாரமாச்சு," என்றபடி ஓமனா வந்தார்.

"போன் எடுக்கல்ல டாக்டர்."

"தா, நான் போடுதேன்."

ஓமனா எண்ணை அழுத்தினார். ரெனிஷாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

"வலி இல்லேன்னு சொன்னான் டாக்டர்," ரெனிஷாவின் குரல் உடைந்தது. "அவனைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல இருக்கணும்னா லீவு போடணும். இங்க இவ்வளவு கூட்டத்துல எப்படிக் கேக்கதுன்னுதான்..."

ஓமனா போனை வைக்கவில்லை. "எடு" என்று கண்ணால் காட்டினார். ரெனிஷா எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆன்ஸ்லினுக்க அம்மையா? நாளைக்கு முதல் ஆளா மகனைக் கூட்டிட்டு வாங்க. எனக்க உதவியாளுக்கு நாளைக்கு லீவு; மருந்தெல்லாம் நானே எடுத்துக்கிடுவேன். நீங்க அவனுக்க கையைப் பிடிச்சிட்டு இருந்தாப் போதும்."