அனுப்புநர்: மகன்

"உங்களுக்கெல்லாம் பெத்த தாய்னு ஒருத்தி இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

கணக்குப் பிரிவுத் தம்பி மேஜையில் ஓங்கி அடித்ததில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மெயில் அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். ஆபீஸ் மெயில்கள் போய் வரும் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்வதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"என்னாச்சு தம்பி?"

"போன வாரத்துலேருந்து என் மெயில் எங்கம்மாவுக்குப் போகலை. எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்காங்களாம். பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டுத் திட்டுறார்!"

"கம்ப்யூட்டரோடயே குடித்தனம் பண்ணி அக்கா மனசும் இரும்பாயிடுச்சு" என்று பின்னால் ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சில மெயில்கள் அனுப்புகிறவர் பெயரோடு மட்டும் கிளம்பும். மீதி முகவரியை, அதாவது ஆபீஸ் பெயரை, மெயில் கம்ப்யூட்டரே ஒட்டி அனுப்பிவிடும். போலி மெயில் தொல்லை என்று மேனேஜர் சொன்னதால், போன வாரம் அவள்தான் அந்த ஏற்பாட்டை நிறுத்தினாள். அரைகுறை முகவரியெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

"தப்பு என்னுதுதான் தம்பி. இப்பவே சரி பண்றேன். அதுக்குள்ள அம்மாகிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

"பேச ஆரம்பிச்சா லேசுல விடமாட்டாங்கக்கா. எனக்கு மீட்டிங் இருக்கு."

நின்றுபோன மெயில்களைத் தேடி எடுத்தாள்.

அனுப்புநர்: மகன். அவ்வளவுதான் முகவரி.

'அம்மா, சாப்பிட்டியா? நான் நல்லா இருக்கேன்.'

தினமும் அதே வரி. அவன் லீவில் இருந்த நாளிலும் அதே வரி.

"தம்பி, கையால எழுதினா முழு முகவரியும் தானா விழுமே. இது..."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"புரோகிராம்க்கா. வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்டு விட்டது. தினம் உட்கார்ந்து எழுத யாருக்கு நேரம்? அம்மாவுக்குத் தெரியாது, விடுங்க."

"அவங்க பதில் போடுவாங்களா?"

"எங்க! ஒரு நாளும் போட்டதில்லை. அவங்களுக்கு டைப் பண்ணத் தெரிஞ்சாத்தானே?"

அக்கா பழைய ஏற்பாட்டைத் திரும்பப் போட்டாள். 'மகன்' என்ற பெயருக்குப் பின்னால் ஆபீஸ் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. மெயில் கிளம்பியது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. 'மகன்' என்ற பெயரில் இந்த ஆபீஸில் யாருமே இல்லையே! அந்தப் பெயருக்குப் பதில் வந்தால் எங்கே போகும்?

ஆள் இல்லாத பெயருக்கு வரும் மெயிலெல்லாம் போய் விழ ஒரு பெட்டி உண்டு. குப்பைதானே என்று அவள் திறந்து பார்த்ததே இல்லை.

திறந்தாள்.

"கடவுளே..."

பெட்டி முழுக்க அம்மா. ஒரு நாள் தப்பாமல் அம்மா.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"மெயில் போயிடுச்சுல்ல? அது போதும்க்கா" என்றபடி அவன் மீட்டிங்குக்கு நடந்தான்.

போன வாரம் வந்த கடைசிப் பதில் திரையில் திறந்து கிடந்தது.

'எழுதுறது நீ இல்லை, மிஷினுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னு நான் எழுதின மறுநாளும் சாப்பிட்டியான்னுதானே வந்துச்சு. பரவாயில்லை. இது வர்ற வரைக்கும் நீ நல்லா இருக்கிறதா நினைச்சுக்குவேன். அது போதும்பா.'