சம்பங்கி மாலை

கல்யாண மாலையை வாடாப் பேழைக்குள் வைத்துவிடுவது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகியிருந்தது. கோதையின் கூடத்திலும் நாற்பது வருடத்துச் சம்பங்கி மாலை, பூக்காரர் தெளித்த தண்ணீர்கூடக் காயாமல் கண்ணாடிக்குள் தொங்கியது.

கணவர் அருணகிரிக்கு நினைவு தப்பிய பிறகு அதுவே வினையாகிப்போனது. காலையில் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு பேழைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்.

"மாலை வந்திருச்சு. பொண்ணு இன்னும் வரலீங்களா?" என்று கோதையிடமே கேட்பார். காபியைக்கூடத் தொடமாட்டார், தாலி கட்டும்வரை மாப்பிள்ளை விரதமாம். ஆள் நார்போல் ஆகிவிட்டார்.

மகன் போனில் பதறினான். "பேழையத் தொறந்தா மறுபடி மூட முடியாதும்மா. மாலை போயிரும்."

"மாலை போனாப் போகுது. இப்படியே விட்டா உங்கப்பா போயிருவாருடா."

திறந்தாள். மணம் கூடமெங்கும் பரவி, மெல்ல ஓய்ந்தது. நாளாக நாளாக வெள்ளை மங்கி, சந்தனமாகி, இதழ்கள் சுருண்டு, கடைசியில் தேன் நிறத்தில் நின்றது. புதிதாக இருந்தபோது அது இத்தனை அழகாக இருந்ததாகக் கோதைக்கு நினைவில்லை.

அன்று காலையும் அருணகிரி வந்து உட்கார்ந்தார். மாலையை வெகுநேரம் பார்த்தார். விரல் பட்டதும் ஒரு பூ உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தியபடி கோதையின் நரைத்த தலையை நிமிர்ந்து பார்த்தார்.

"மாலையே காஞ்சுபோச்சே," என்றார். "இத்தன நேரமாவா காத்துட்டிருந்தே, கோதை?"

அவள் காபியை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.