நேபிள்ஸில் இறங்காதவர்

"நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றார் மனோகர்.

நேபிள்ஸ் நகரத்துச் சந்து ஒன்றில், இரும்புக் கதவின் முன்னால் நின்றுகொண்டு அவர் இப்படிச் சொன்னதும் கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோலார் தங்கவயலிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து மத்தியதரைக்கடலில் கப்பல் பயணம் வந்திருந்தார்கள். காலையில் ஒரு துறைமுகம். இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். பார்சிலோனா தேவாலயத்தை அண்ணாந்து பார்த்த கழுத்துவலி இன்னும் யாருக்கும் போகவில்லை. ரோமாபுரியில் வாயைப் பிளந்துகொண்டு நடந்தார்கள். கப்பலோ அதற்கும் மேல்!

"நம்ம ஊரு கோரமண்டல் மைன்ஸ் லைன் வூடுங்க மொத்தத்தையும் இதுக்குள்ள வெச்சிடலாம் போலக்குதே!" என்று மனோகரின் மனைவி குணசுந்தரி முதல் நாளே கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் ஆசையாகக் காத்திருந்தது நேபிள்ஸுக்குத்தான். இந்த ஊருக்கு அடியில் இன்னொரு ஊரே இருக்கிறது. அந்தக் காலத்து மனுஷர்கள் பாறையைக் குடைந்து வெட்டிய குகைகளும் தண்ணீர்த் தொட்டிகளும். படியிறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

மனோகர் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியாகத் தினமும் கீழே இறங்கியவர். பெண்களைக் கீழே விட மாட்டார்கள். புருஷன் வேலை செய்த இடத்தைக் குணசுந்தரி கண்ணால் பார்க்காமலேயே சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

"இங்கயாவது உங்ககூட ஒரு தடவ கீழ எறங்கிப் பாத்துடறேன்" என்று கப்பல் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது வாசலில் வந்து நின்று, வர மாட்டேன் என்கிறார்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய் நல்லா பாத்துட்டு வா."

ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் வாசுவுக்கு இது போதாதா?

"இன்னாண்ணா, பத்தாயிரம் அடி எறங்கின ஆளு நீங்க. இந்தப் படிக்கட்டுக்குப் போய் பயந்துனு நிக்கிறீங்களே! மெய்யாலுமே கேஜ்ல எறங்கினீங்களா, இல்ல ஷாஃப்ட் மேலயே டீ குடிச்சினு இருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மனோகரும் சிரித்து வைத்தார். குணசுந்தரிக்குத்தான் அவமானத்தில் முகம் சிறுத்துப்போனது.

"உங்ககூட பாக்கணும்னுதான இம்மாந்தூரம் வந்தேன்?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"காலப் பாத்து வெய்யி. தலையக் குனிஞ்சினு நட" என்றார் அவர். அவ்வளவுதான் பதில்.

விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

கீழே போனதும் கோபத்தையும் மீறி ஆச்சரியம் வந்தது. எத்தனை உயரம்! எத்தனை அகலம்! சுவரெல்லாம் உளி பட்ட தடம். போர்க்காலத்தில் குண்டு விழுந்தபோது ஊர் ஜனங்கள் இங்கேதான் ஒளிந்திருந்தார்களாம். ஓரிடத்தில் ஒருக்களித்துத்தான் போக முடியும். மேலே கேலி பேசிய வாசு அங்கே வேர்த்து விறுவிறுத்து, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்.

குணசுந்தரி அந்தச் சில்லென்ற கல்லைத் தடவிப் பார்த்தாள். இப்படித்தானே இருந்திருக்கும்? கேட்பதற்கு ஆள் பக்கத்தில் இல்லை. அவரவர் புருஷன் அவரவர் பக்கத்தில். ஊர் போய்ச் சேரும்வரை இந்த மனுஷனோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

சொன்ன நேரத்தைவிடத் தாமதமாகத்தான் மேலே வந்தார்கள்.

எதிரிலேயே காபிக்கடை. குடை நிழலில் நாற்காலிகள். அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்திருப்பார் என்று குணசுந்தரி எரிச்சலோடு பார்த்தாள். காணோம்.

மனோகர் இரும்புக் கதவை ஒட்டியே நின்றிருந்தார். உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியேறி வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடிகூடத் திறக்கவில்லை.

பேசுவதில்லை என்ற முடிவு அவளுக்கு மறந்தே போனது. "தண்ணி கூட குடிக்கலியா? இன்னாத்துக்குங்க இப்டி வெயில்ல காஞ்சினு நின்னீங்க?"

"நான் ஷிஃப்டுக்கு எறங்கினா, திரும்பி மேல வர்ற வரிக்கும் நீ மட்டும் பச்சத்தண்ணி குடிச்சியா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சினு இருந்தியா?"

குணசுந்தரி திகைத்துப்போனாள். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதை அவரிடம் சொன்னதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு என்கூடயே கீழ வந்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

பாட்டிலைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார் மனோகர்.

"ரெண்டு பேரும் கீழ போய்ட்டா, மேல காத்துனு நிக்கறதுக்கு யாரு இருக்கா குணா?"