டங்கன் துரையின் பொட்டலம்

"இது பன்னி முடிதான்லா, காஜா. சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

அத்தர் வியாபாரி ஷேக் அலாவுதீன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு சொன்னார். தொப்பி தைக்கும் காஜா மொய்தீனின் மடியில் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே ஒரு பிடி முடி. செம்பட்டை நிறம், நாலு விரல் நீளம்.

"பன்னி முடின்னா முரடா இருக்காதா, நானா? இது பட்டு மாதிரியில்ல இருக்கு?" அண்ணனாக மதிக்கும் ஷேக்கிடம் கேட்டார் காஜா.

"அது நம்ம ஊர் சாக்கடைப் பன்னி. சீமைப் பன்னி சோப்புப் போட்டுக் குளிக்கும்! வெள்ளக்காரன் முகம் மழிக்கிற பிரஷ்ஷே அதுலதான் செய்றான்."

காஜா மொய்தீன் மடியை உதறிக்கொண்டு எழுந்தார். "அஸ்தஃபிருல்லாஹ்! காலையிலேருந்து சட்டைப் பையில வச்சிருந்தேனே!"

"ஏழு தடவ கழுவு. அதுல ஒரு தடவ மண்ணு போட்டு."

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் வாசல்நடையில்தான் காஜாவின் தொழில். அங்கே பாய் விரித்து உட்கார அனுமதித்தவர் கம்பெனியின் மேனேஜர் டங்கன் துரை. முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். மீன்பிடிப் பைத்தியம். காஜாவின் ஊசி வேலையைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் ட்ரவுட் என்ற மீனுக்குக் கட்டும் பொய் மீனைக் கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். தூண்டில் முள்ளில் ஜரிகை சுற்றி, சேவல் இறகும் முடியும் வால்போல நீளமாகத் தொங்க விட்டால் தீர்ந்தது. தண்ணீருக்குள் இழுத்தால் குட்டி மீன் நீந்துகிற மாதிரியே இருக்கும்.

இதுவரை கோழி இறகும் அணில் வாலும்தான் கொடுத்து வந்தார். நேற்றுதான் இந்தப் பொட்டலத்தை நீட்டி, "இதுல ஒண்ணு கட்டு. ஒண்ணு போதும். ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு நீயும் வா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"என்ன முடின்னு தொரைகிட்டயே கேட்டுரட்டுமா?" என்றார் காஜா.

"கேளு. பன்னின்னு சொல்வாரு. அப்புறம் கட்ட மாட்டேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

"எப்படிச் சொல்றது? மறுநாளே பாயைச் சுருட்டச் சொல்லிட்டா? இந்த இடம் போச்சுன்னா வீட்டுல ஆறு வயிறு காயும், நானா."

"அப்ப ஒரே வழிதான். பாசார்ல அப்துல் ஹமீதுகிட்ட செவல ஆட்டுத் தோல் கிடக்கு. அச்சு அசல் இதே கலர். அதுல கட்டிக் கொடுத்துரு."

"கண்டுபிடிச்சிட்டாருன்னா?"

"தண்ணிக்குள்ள போன முடிக்கு ஊர் பேரு தெரியுமாக்கும்! மீனா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

காஜாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு குச்சியால் பொட்டலத்தைப் பழைய துணிக்குள் தள்ளிச் சுருட்டினார். படகுத்துறைக்கு நடந்து போய்க் கடலில் வீசினார். மண் போட்டு ஒரு முறை, வெறும் தண்ணீரில் ஆறு முறை கை கழுவினார். பிறகு ஆட்டு முடியில் அருமையாக ஒன்று கட்டி முடித்தார்.

ஞாயிறு காலை ஃபெர்ரிப் படகில் அக்கரைக்குப் போய், கெப்பாலா பத்தாஸ் தாண்டி மூடா ஆற்றங்கரையில் இறங்கினார்கள். துரை பொய் மீனைக் கையில் வாங்கினார். தொங்கும் முடியை ஒற்றை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார் என்றே காஜா நினைத்தார்.

"நல்லா கட்டியிருக்கே" என்றார் துரை. அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் வீசினார். ஒன்றும் கடிக்கவில்லை. ஆட்டு முடியை மீன் மதிக்கவில்லை போலும் என்று காஜா நினைத்துக்கொண்டிருந்தபோது தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. கரைக்கு வந்த சிபராவ் மீன் மூன்று காத்தி எடை தேறும். துரை வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருஷமாக அவர் முகத்தில் காஜா சிரிப்பையே பார்த்ததில்லை.

'அல்ஹம்துலில்லாஹ், நம்ம இடம் தப்பிச்சது' என்று காஜா மூச்சு விட்டார்.

துரை முள்ளைப் பதமாகக் கழற்றி, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். நனைந்த பொய் மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்.

"காஜா, எங்க ஊர்ல ட்ரவுட் புடிக்கப் போனா என் மக கூடவே வரும். இங்கயும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

காஜா சுற்றுமுற்றும் பார்த்தார். கரையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"போன வருஷம் காய்ச்சல்ல செத்துப் போச்சு. சவப்பொட்டியில வைக்கிறப்ப அவ அம்மா கொஞ்சம் முடி வெட்டி எடுத்தாங்க. அதைப் பிரிக்க எனக்குக் கை வரல. அதான் அப்படியே உன்கிட்டக் கொடுத்தேன்."

காஜா ஏழு முறை கழுவிய தன் கைகளைப் பார்த்தார்.

துரை பையிலிருந்து சின்ன வெள்ளி டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"மிச்சத்த இதுல போடு, காஜா. எங்ககிட்ட இருக்கிறதே அவ்வளவுதான்."