வெள்ளைப் பாதம்

நீதிமன்றக் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து, நாயின் முன்னங்காலில் சோளமாவுக் குழைவைப் பூசிக்கொண்டிருந்தாள் ஹிமேனா.

"பூசினது போதும்மா, கூப்பிடப்போறாங்க!" கதவுக்கு வெளியிலிருந்து அவசரப்படுத்தினார் அரசு வக்கீல் ஓயார்சூன்.

"காயணும் சார். இது எனக்குச் சரியாவே படல. முர்த்தா செத்துப்போச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாமே?"

"சொல்லு. அழுதுட்டு வாயே திறக்காது. இன்னிக்கும் அந்தக் குழந்தை பேசலேன்னா அந்த ஆளு விடுதலையாகி வீட்டுக்குப் போயிடுவான். பரவாயில்லையா?"

ஹிமேனா இன்னொரு பூச்சு பூசினாள்.

அந்தப் பொண்ணு, அயேலென். ஒன்பது வயது. அந்த ஆள் அவளுடைய அம்மாவின் இரண்டாவது புருஷன். 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்' என்று அவன் சொன்னதை இரண்டு வருஷம் அப்படியே காப்பாற்றியவள். போலீஸ் விசாரணையில் முதன்முதலாக அவள் வாய் திறந்ததே, முர்த்தா அவள் பாதத்தில் தலை வைத்துப் படுத்த பிறகுதான். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாக இருக்கவென்றே ஹிமேனா பழக்கிய நாய் அது.

அப்புறம் வழக்கு மூன்று தடவை தள்ளிப்போனது. முதல் தடவை, சாந்தியாகோவிலிருந்து வரவேண்டிய எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பல்வலி. அடுத்த தடவை கேமரா ரிப்பேர். மூன்றாவது தடவை யாருக்கு என்ன வந்ததோ, யாரும் சொல்லவில்லை. காத்திருந்து காத்திருந்து முர்த்தா செத்தே போனது. நாய்க்கும் வயதாகும் என்று எந்தக் கோர்ட்டு யோசித்தது?

அதற்குப் பதிலாக வந்த லூமாவும் அதே நிறம், அதே உயரம். முர்த்தாவின் வெள்ளைப் பாதம் ஒன்றுதான் இதற்கு இல்லை.

அயேலெனைக் குழந்தைகள் விடுதியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். அம்மா வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்திருந்தாள். அவன் வீட்டு ஆட்களோடு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை மண்டியிட்டு, நாயின் இடது காதில் ஏதோ கிசுகிசுத்தாள். நாய் சட்டென்று திரும்பிப் பார்த்தது. அவள் அந்தக் காதையே பார்த்தாள். அப்புறம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே, நீதிபதி அம்மாள் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"இங்க உண்மை மட்டுந்தான் பேசணும். சரியா கண்ணு?"

"சரி."

"உன் காலடியில படுத்திருக்கே, அது பேரு என்ன?"

அயேலென் நாயைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஹிமேனாவைப் பார்த்தாள். ஹிமேனா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"முர்த்தா."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த காவலாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

"பாத்தியா? நான் சொல்லல?" வராந்தாவில் ஓயார்சூனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இரு, குழந்தைக்கு வாசல்ல சூடா சோப்பைப்பியா பொரிச்சுத் தர்றாங்க, வாங்கிட்டு வரேன்" என்று மழையில் நனைந்துகொண்டே ஓடினார்.

அயேலென் குனிந்து, தன் கறுப்பு ஷூவில் ஒட்டியிருந்த மாவைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"அத்தை, இதோட நிஜப் பேரு என்ன?"

ஹிமேனா நாயின் கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"முர்த்தாவுக்கு இடது காது கேக்காது. இது திரும்பிப் பாத்துச்சு." குழந்தை நிமிரவில்லை. "முர்த்தா செத்துப்போச்சா?"

காலை வெள்ளையாக்கியவள் காதை மறந்துபோயிருந்தாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்பவே தெரிஞ்சுதா? ஏன் கண்ணு சொல்லல?"

"நீங்க பயந்துபோய்ப் பாத்தீங்க. அதான்." ஷூ சுத்தமாகிவிட்டது. இப்போது தரையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தாள். "மத்ததெல்லாம் உண்மைதான் சொன்னேன் அத்தை. அது ஒண்ணுதான் பொய்."

ஹிமேனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குழந்தை கிட்டே வந்து, பெரிய மனுஷி மாதிரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்க அத்தை. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு இது பழக்கந்தான்."